டென்ஹமின் முகம்

ஒரு படம் வருவதற்கு முன்பே அதில் இன்னார் நடிப்பது சரியில்லை என்று சொல்வது விமர்சனம் ஆகாது என்பது பொதுவான அபிப்பிராயம். படத்தைப் பார், பிறகு பேசு என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் சில சந்தேகங்கள் படம் வந்து, ஓடி, பெட்டிக்குள் போன பிறகும் தீராமல் நிற்கின்றன. அப்படி நிற்கிற சந்தேகத்துக்கு நடிகரைத் தவிர வேறு ஏதோ காரணம் இருக்கவேண்டும். அது என்ன என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலை என்றே நினைக்கிறேன்.

பீட்டர் ஜாக்ஸனின் 'கிங் காங்' 2005 டிசம்பரில் வெளிவந்தது. அதில் கார்ல் டென்ஹம் வேஷத்துக்கு ஜாக் பிளாக் என்று முன்னதாகத் தெரியவந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். ஜாக் பிளாக் ஹாஸ்ய நடிகர். 'ஹை ஃபிடிலிட்டி'யில் (2000) ரிக்கார்டுக் கடைச் சிப்பந்தியாக வந்து கடைக்கு வருகிறவர்களையே வைது விரட்டியவர். 'ஸ்கூல் ஆஃப் ராக்'கில் (2003) பொய்ப் பெயரில் வாத்தியார் வேலைக்குள் நுழைந்து பிள்ளைகளுக்கு ராக் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர். ஒரு கப்பல் நிறைய ஆட்களைப் பொய் சொல்லி அழைத்துப் போய்ச் சாகக் கொடுக்கிற மனிதனாக இவரை எப்படி நம்புவது என்பது கேள்வி. வில்லனுக்குக் கனம் வேண்டும்; இவரிடம் கனம் இல்லை என்றார்கள்.

நான் அப்போது பள்ளி மாணவன். எனக்கு அந்தச் சந்தேகம் ஏதும் இல்லை. படத்தைப் பார்த்தேன். குரங்கு விழுந்தபோது அழுதேன். டென்ஹமின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சென்ற மாதம் படத்தை மறுபடியும் பார்த்தபோது, இருபது வருஷத்துக்கு முன் எனக்கு வராத அந்தக் கோபம்தான் உறுத்தியது. ஏன் வரவில்லை?

1

பூதாகாரமான மிருகங்களைப் பற்றிய படங்களில் மிருகம் வில்லன் அல்ல. இதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளவேண்டும். மிருகம் அழிக்கும், மிதிக்கும், தின்னும். ஆனால் அதற்குத் தேர்வு இல்லை. தேர்வு இல்லாத இடத்தில் தீமை இல்லை, விபத்துத்தான் உண்டு. மிருகம் இருக்கிற இடத்துக்குப் போகிறவன், அதை இருக்கும் இடத்திலிருந்து பெயர்த்து வருகிறவன், டிக்கெட் போட்டுக் காட்டுகிறவன் இவர்களுக்குத்தான் தேர்வு உண்டு.

ஆகவே இந்த வகைப் படங்களில் வில்லனாக யாரைப் போடுகிறார்கள் என்பது அலங்கார விஷயமாக இருக்கமுடியாது. தீமை எந்த முகத்தோடு வரும் என்று படத்தை எடுத்தவர்கள் நம்புகிறார்கள் என்பதற்கு அது வாக்குமூலம். மூன்று 'கிங் காங்' படங்களில் இந்த ஸ்தானத்துக்கு மூன்று முகங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் மூன்று வாக்குமூலங்கள்.

2

1933-இல் வந்த முதல் படத்தில் டென்ஹமாக வருகிறவர் ராபர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். டென்ஹம் சினிமா எடுப்பவன். தூர தேசத்துக் காடுகளில் ஆபத்தான படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவன். படத்தில் ஒரு பெண் இருந்தால் வசூல் அதிகம் என்று சொல்லப்பட்டதால், பொருளாதார மந்தத்தில் பட்டினி கிடக்கும் நியூயார்க்கில் ஒரு பெண்ணைத் தேடிப் புறப்படுகிறான். பழக்கடையில் ஆப்பிள் திருடப் போன ஆன் டாரோ அகப்படுகிறாள். பசிக்கிறவளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை தருகிறேன் என்கிறான். எங்கே போகிறோம் என்று சொல்வதில்லை.

ஆர்ம்ஸ்ட்ராங் இந்தப் பாத்திரத்தை ஒரே வேகத்தில் பேசித் தள்ளிவிடுகிறார். அவர் குரலில் தயக்கம் என்பதே கிடையாது. மாலுமிகள் மரத்தோடு பள்ளத்தில் உருட்டப்பட்டுச் சாகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் குரங்கை விற்றுக் கோடீஸ்வரர் ஆவதைப் பற்றிப் பேசிக் கொண்டிருக்கிறார். இதில் விசேஷம், படத்துக்கு அவர் வில்லன் என்று தெரியவே தெரியாது என்பதுதான். படம் அவரைத் தைரியசாலி என்றே நினைக்கிறது.

காரணம் எளிது. படத்தை எடுத்த இருவரில் ஒருவரான மெரியன் கூப்பரே டென்ஹம்தான். கூப்பரும் எர்னெஸ்ட் ஷோட்சாக்கும் பாரசீகத்து மேய்ச்சல் குடிகளோடு மலை ஏறிப் போய் 'கிராஸ்' (1925) எடுத்தவர்கள். சயாம் காட்டில் 'சாங்' (1927) எடுத்தவர்கள். தங்களையே நினைத்துக்கொண்டு டென்ஹமை உண்டாக்கினார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் காங்கைச் சுட்டுத் தள்ளும் விமானத்தில் விமானியாக உட்கார்ந்திருப்பவர் கூப்பர். துப்பாக்கியோடு இருப்பவர் ஷோட்சாக். மிருகத்தை உண்டாக்கியவர்களே அதைச் சுடவும் செய்தார்கள். அதில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகப் படத்தில் தெரியவில்லை.

அதே 1933-இன் கடைசியில் 'சன் ஆஃப் காங்' வந்தது. அதில் டென்ஹம்மேல் நகரமே வழக்குப் போட்டிருக்கிறது. சம்மன் கொண்டு வருகிறவர்களுக்கு ஒளிந்துகொண்டிருக்கிறான். குரங்குக்குச் செய்தது குறித்து வருத்தமும் படுகிறான். முடிவில் புதையலில் பங்கும் ஒரு பெண்ணும் கிடைக்கின்றன. வருத்தத்துக்கு இவ்வளவு நல்ல வட்டி வேறு எங்கும் கிடைக்காது.

ஆர்ம்ஸ்ட்ராங் 1973 ஏப்ரல் 20-இல் இறந்தார். கூப்பர் மறுநாள் இறந்தார். சும்மா தற்செயல்தான். என்றாலும் அந்த முகத்துக்கும் அந்த மனிதருக்கும் இடையே இடைவெளி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல அடிக்குறிப்பு கிடைக்காது.

3

ஜான் கில்லர்மின் இயக்கி 1976-இல் வந்த இரண்டாவது படத்தில் டென்ஹம் இல்லை. சினிமாக்காரனின் இடத்தில் பெட்ராக்ஸ் என்ற எண்ணெய்க் கம்பெனியின் அதிகாரி ஃபிரெட் வில்ஸன் வருகிறான். 1973-இன் எண்ணெய் நெருக்கடி எல்லோர் மனசிலும் இருந்த காலம். தீவில் கிடைக்கும் எண்ணெய் இன்னும் பக்குவப்படாதது, உபயோகமில்லை என்று தெரிந்ததும், செலவுக்குக் கணக்குக் காட்டவேண்டுமே என்று குரங்கைக் கம்பெனி விளம்பரத்துக்காகப் பிடித்துப் போகிறான். டென்ஹமைவிட வில்ஸனை எனக்கு நன்றாகவே தெரியும். போன காரியம் நஷ்டம், தலைமை அலுவலகத்துக்கு என்ன எழுதுவது என்ற கவலையிலேயே பெரிய பெரிய அக்கிரமங்கள் நடக்கின்றன என்பதை உத்தியோகத்தில் இருக்கிற எவரும் ஒப்புக்கொள்வார்.

வில்ஸனாக நடித்தவர் சார்லஸ் கிராடின். அவரும் ஹாஸ்ய நடிகர்தான். 'தி ஹார்ட்பிரேக் கிட்'டில் (1972) தேனிலவுக்குப் போன இடத்தில் மனைவியை விட்டுவிட்டு இன்னொருத்தி பின்னால் போகிற புதுமாப்பிள்ளையாக வந்தவர். ஹாஸ்ய நடிகர் காங் படத்தில் வில்லனாவது 2005-இல் புதிதாக நடந்த விபரீதம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் கிராடினின் ஹாஸ்யம் வேறு ஜாதி. அவர் நம்மிடம் பிரியத்தை யாசிப்பதில்லை. மீசைக்குப் பின்னால் நின்றுகொண்டு தன் அற்பத்தனத்தைத் தானே அறியாமல் காட்டிக்கொண்டு போகிறார். நாம் சிரிக்கிறோம், ஆனால் பக்கத்தில் போவதில்லை. இந்த விலகல்தான் அவருடைய சாதனை. படம் அதைக் கெடுத்துவிடுகிறது. தப்பித்த குரங்கு வில்ஸனைக் காலால் நசுக்கிவிடுகிறது. கொட்டகையில் கைதட்டு வாங்குவதற்கான மலிவான தண்டனை. தீமை ஒரு ஆளோடு செத்துப் போய்விட்டது என்று நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இருந்தாலும் இந்தப் படத்துக்கு ஒரு நேர்மை உண்டு. உலக வர்த்தக மையத்தின் அடியில் குரங்கு செத்துக் கிடக்கும்போது யாரும் தத்துவம் பேசுவதில்லை. புகைப்படக்காரர்கள் அந்தப் பெண்ணை மொய்க்கிறார்கள். அவ்வளவுதான்.

4

இப்போது ஜாக் பிளாக். ஹாஸ்ய நடிகருக்குக் கனம் போதாது என்ற ஆட்சேபத்தை நான் ஏற்கவில்லை. டென்ஹமுக்குக் கனம் எதற்கு? மனசில் எதுவும் தங்காததுதான் அவனுடைய தீமை. ஒரு சாவு அவனுக்குள் விழுந்தால் அடி வரைக்கும் போகாது, மிதந்துவிடும். கனமில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்ததில் ஜாக்ஸனின் உள்ளுணர்வு சரியாகவே வேலை செய்திருக்கிறது.

படத்தின் முற்பகுதியில் இதற்குச் சாட்சி இருக்கிறது. நாடகாசிரியன் டிரிஸ்கால் வசனப் பிரதியைக் கொடுத்துவிட்டுக் கப்பலிலிருந்து இறங்கிப் போகவேண்டியவன். டென்ஹம் அவனுக்குச் சேரவேண்டிய பணத்துக்குச் செக் எழுத உட்காருகிறான். எழுதுகிறான், எழுதுகிறான், எழுதிக்கொண்டே இருக்கிறான். கப்பல் துறைமுகத்தை விட்டுவிடுகிறது. ஒரு மனிதனைக் கடத்துவதற்குச் செக்கே போதும், துப்பாக்கி வேண்டாம். நான் தினமும் செக்குகளைப் பார்க்கிறவன். இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு சிரித்ததற்காகக் கொஞ்சம் பயந்தேன்.

இன்னொரு இடம். ஒலிப்பதிவாளன் மைக் தீவில் ஈட்டி பாய்ந்து சாகிறான். அவனுக்காகவே இந்தப் படத்தை முடிப்பேன், வருகிற பணத்தை அவன் மனைவி மக்களுக்குக் கொடுப்பேன் என்கிறான் டென்ஹம். குரல் தழுதழுக்கிறது. நாமும் நம்பிவிடுகிறோம். பிறகு ஒளிப்பதிவாளன் ஹெர்ப் சாகிறான். அதே வாக்குறுதி, அதே தழுதழுப்பு, பெயர் மட்டும் வேறு. அச்சடித்த படிவத்தில் பெயரை நிரப்புகிற மாதிரி. இந்த இரண்டு இடங்களிலும் ஹாஸ்யம் வேறு, தீமை வேறு என்று பிரிக்க முடியவில்லை. ஜாக் பிளாக் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்க முடியாது.

அப்படியானால் கோளாறு எங்கே? படம் கம்பீரமாக ஆரம்பிக்கிற இடத்தில். முதல் படம் நூறு நிமிஷம் இருந்தது. இது நூற்றெண்பத்தேழு நிமிஷம். இந்த நீளத்தில் ஜாக் பிளாக்கின் முகத்துக்கு மிக அருகில் காமிரா போகிறது. கண்கள் அகல விரிகின்றன. இளவயது ஆர்சன் வெல்ஸின் சாயல் வந்து கவிகிறது. காமிரா உடைந்து, எடுத்த ஃபிலிம் முழுவதும் வெளிச்சம் பட்டுப் பாழானதை டென்ஹம் காணும் இடத்தில், செத்துக் கிடக்கிற மாலுமிகளைவிட அந்த ஃபிலிமுக்காக நம்மைத் துக்கப்பட வைக்கிறார்கள். தான் நேசிக்கிறதையே அழித்துவிடுகிறவன் டென்ஹம் என்று டிரிஸ்கால் வாயால் ஒரு தீர்ப்பும் வருகிறது. தீர்ப்பு மாதிரித் தோன்றினாலும் இது மன்னிப்பு. ஏமாற்றுக்காரனைக் கலைஞனாகப் பதவி உயர்த்திவிட்டார்கள். கனவு காண்கிறவன், அதனால் சேதம் உண்டாகிறது, என்ன செய்வது என்று பெருமூச்சு விடச் சொல்கிறார்கள். கலைஞர்கள் எடுக்கிற படத்தில் கலைஞனுக்குக் கிடைக்கும் சலுகை இது.

ஹாஸ்ய நடிகருக்கும் தன் கம்பீரத்தை நிரூபிக்க ஒரு சந்தர்ப்பம் வேண்டும் என்று யாரோ பரிவு காட்டியது போல இருக்கிறது. அவரை இன்னும் சிரிக்க விட்டிருக்கவேண்டும். சிரிப்பு நின்ற இடத்தில் டென்ஹம் சாதாரண சோக நாயகனாகிவிடுகிறான்.

ஜாக்ஸனின் படத்துக்குத் தன் குற்றத்தைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது என்பதற்கு ஒரு தடயம் உண்டு. பிராட்வே மேடையில் டென்ஹம் காங்கைக் காட்டும்போது, சுற்றிலும் வேஷம் போட்ட ஆட்டக்காரர்கள் தீவு ஜனங்களாக ஆடுகிறார்கள். அந்த ஆட்டம், அந்த உடை, மேக்ஸ் ஸ்டைனரின் அந்தச் சங்கீதம் எல்லாம் 1933 படத்திலிருந்து எடுத்தவை. பழைய படத்தின் தீவு ஜனங்கள் டென்ஹமின் கொச்சையான வித்தை என்று ஜாக்ஸன் சொல்கிறார். நல்ல அடி. ஆனால் அவருடைய சொந்தத் தீவு ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள்? முதல் படத்தினரையும்விடக் கோரமாக, பேச்சற்று, கண் செருகி, பேய் பிடித்தவர்களாக. டென்ஹம் ஒரு சிறுமியிடம் சாக்லேட்டை நீட்டுகிறபோது, நாம் டென்ஹமோடு சேர்ந்துகொண்டு அவளைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது. டென்ஹமைக் குற்றம் சாட்டுகிற காமிரா டென்ஹமின் காமிராவேதான்.

5

இங்கே சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

வங்கியில் ஒருவர் கடன் வாங்கியிருந்தார். கலகலப்பானவர். அவர் உள்ளே வந்தால் கிளையே விழித்துக்கொள்ளும். பியூன் முதல் மானேஜர் வரை பெயர் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒரு ஹாஸ்யம் வைத்திருப்பார். கடன் கட்டாமல் நின்றது. ஆளும் ஊரில் இல்லை. ஜாமீன் போட்டவர் ஓய்வு பெற்ற ஒரு கடைநிலை ஊழியர். அவருடைய டெபாஸிட்டிலிருந்து பிடித்தோம். அந்த வவுச்சரை எழுதியவன் நான். சட்டப்படி எல்லாம் சரி. பெரியவர் வந்து கவுன்ட்டர் முன்னால் வெகுநேரம் நின்றார். அவருக்குப் பேசத் தெரியாது, சிரிக்கவும் தெரியாது. எங்களுக்கு அவர்மேல்தான் எரிச்சல் வந்தது. கையெழுத்துப் போடும்போது யோசித்திருக்க வேண்டாமா என்றார் ஒருவர். கடன் வாங்கியவரைப் பற்றி இன்றைக்குப் பேச்சு வந்தாலும் அவர் சொன்ன ஏதாவது ஒன்றை யாராவது ஞாபகப்படுத்துவார்கள்; எல்லோரும் சிரிப்போம்.

சிரிக்க வைக்கிறவனுக்கு நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அதில் அவன் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மீதி பார்க்கமாட்டோம். ஜாக் பிளாக் 'ஸ்கூல் ஆஃப் ராக்'கில் என் கணக்கில் போட்டு வைத்ததை டென்ஹம் எடுத்துச் செலவழித்துவிட்டான். பள்ளி மாணவனாக எனக்குக் கோபம் வராததன் காரணம் இதுதான். மைக்கும் ஹெர்ப்பும் ஜாமீன் போட்டவர்கள். அவர்கள் பெயரை இந்தக் கட்டுரைக்காக நான் படத்தில் திரும்பத் தேடவேண்டியிருந்தது.

இதைப் படம் நமக்குக் காட்டியிருக்க முடியும். நம்முடைய பிரியத்தையே நமக்கு எதிரான சாட்சியாக நிறுத்தியிருக்க முடியும். அதற்கு வேண்டிய நடிகர் கையில் இருந்தார்.

6

கடைசியில் அந்த வாக்கியம். காங் கீழே விழுந்து கிடக்கிறது. கூட்டத்தில் ஒருவன் விமானங்கள் கொன்றுவிட்டன என்கிறான். இல்லை, மிருகத்தைக் கொன்றது அழகுதான் என்று டென்ஹம் திருத்துகிறான். 1933-இலும் அவன்தான் சொன்னான். 2005-இலும் அவன்தான் சொல்கிறான். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது என்ன காரியம் என்று விளங்கும். தன் பெயரில் இருக்கிற பற்றை இன்னொருவர் பெயருக்கு மாற்றி எழுதுகிறான். ஆப்பிள் திருடப் போன பெண்ணின் பெயருக்கு.

முதல் படத்தில் ஆன் டாரோவாக நடித்த ஃபே ரேயைக் கொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்ல வைக்க ஜாக்ஸன் விரும்பியிருந்தார். ஃபே ரே 2004 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பார்க்கலாம். எழுபது வருஷமாக அந்தப் பழியைச் சுமந்த முகமே வந்து, கூட்டத்தில் ஒரு கிழவியாக நின்று அதைச் சொல்லியிருந்தால் வாக்கியத்தின் அர்த்தமே தலைகீழாகியிருக்கும். அது நடக்கவில்லை. வாக்கியம் பழைய சொந்தக்காரனிடமே திரும்பிப் போயிற்று. ஜாக் பிளாக் அதைத் தாழ்ந்த குரலில், ஈரக் கண்களோடு, நம்பிச் சொல்கிறார். ஒரு சின்ன இளிப்பு போதும். பொய் என்று நமக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு வராத காரியமா அது? செய்ய விடவில்லை.

காங்கைச் சுடுகிற விமானம் ஒன்றில் இந்தத் தடவை துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவர் பீட்டர் ஜாக்ஸன். அதை ஓட்டுகிறவர் ரிக் பேக்கர், 1976 படத்தில் குரங்கு உடையை மாட்டிக்கொண்டு காங்காக நடித்தவர். கூப்பருக்கும் ஷோட்சாக்குக்கும் செலுத்துகிற மரியாதை என்று இதை ரசிக்கலாம். எனக்கு ரசிக்க முடியவில்லை. மேலே சுடுகிறவரும் கீழே பழியை மாற்றி எழுதுகிறவனும் ஒரே தொழில் பார்க்கிறவர்கள்.

ஆகவே அன்று சந்தேகப்பட்டவர்கள் சரியாகத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆளைத்தான் தப்பாகப் பிடித்தார்கள். இந்த முகம் டென்ஹமுக்குப் பொருந்துமா என்று கேட்டார்கள். பொருந்திற்று, வேண்டியதற்கு மேலேயே பொருந்திற்று. அந்த முகத்தை வைத்துக்கொண்டு டென்ஹமைத் தப்பவிடாமல் இருக்க இயக்குநருக்கு மனசு வருமா என்பது கேட்கப்படாமல் போன கேள்வி.

காங்கை விடமாட்டார்கள். இன்னும் எடுப்பார்கள். அப்போது வில்லனாக யார் என்ற செய்தி வந்தால் நான் நடிகரின் பெயரைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை. கடைசி வாக்கியத்தை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் விசாரிப்பேன்.